வெள்ளைக் கோப்பையின் நிழல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வலக்கண்ணில் புரை எடுத்தது நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது பெரிய நிம்மதி. சுவரும் சட்டையும் நீலம் போட்டதுபோல வெளேரென்று தெரிகின்றன என்று எழுதியிருக்கிறாய். பிரமை என்று நினைக்காதே. வயது ஏற ஏற கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துப்போய் நீல ஒளியை வடிகட்டிவிடும். அதை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸை வைத்ததும், இத்தனை காலம் வெளியே நின்ற நீலம் உள்ளே வருகிறது. ஓவியர் குளோத் மோனே 1923இல் வலக்கண்ணில் புரை நீக்கிக்கொண்ட பிறகு நிறங்கள் மாறித் தெரிவதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

உன் இடக்கண்ணில் பழைய லென்ஸ்தானே இருக்கிறது? ஒரு வெள்ளைத் தாளைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாற்றி மாற்றிப் பார். ஒரே தாள் இரண்டு வெள்ளையாகத் தெரியும். பார்த்ததை அன்றைக்கே எழுதி வைத்துவிடு. சில மாதங்களில் மூளை இந்த நீலத்துக்குப் பழகிவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் இந்த வியப்பு திரும்பாது.

நீ கேட்ட இரண்டாவது விஷயமும் இதே பழக்கத்தின் வேலைதான். தினமும் இரவில் மூன்று நல்லவை எழுத ஆரம்பித்தாய், சீக்கிரமே சப்பென்று ஆகிவிட்டது என்கிறாய். ஆகத்தான் செய்யும். "குடும்பம், உடல்நலம், நல்ல சாப்பாடு" என்று மூன்று நாள் எழுதினால் நாலாம் நாள் கை தானாக அதையே எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பயிற்சியை ஒரு வாரத்துக்குத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு நல்லதற்கும் அது ஏன் நடந்தது என்ற காரணத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். பலரும் கைவிடுவது அந்தக் காரணத்தைத்தான். இன்னொரு உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே தினமும் எழுதியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு விஷயம், ஆனால் முழுசாக.

முழுசாக என்றால் எப்படி? "மழை நன்றாக இருந்தது" என்பதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "மழை விட்டதும் ஜன்னல் கம்பிக்கு அடியில் சொட்டுகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றுக்குள்ளும் எதிர்வீடு தலைகீழாக நின்றது" என்று எழுது. ஏன் தலைகீழ்? துளி ஒரு குவிலென்ஸாக வேலை செய்வதால். காரணம் தெரிந்தால் அடுத்த மழைக்குப் பார்க்க ஒரு காரியம் கிடைக்கும். மனிதர்களின் நல்ல குணத்தையும் இப்படித்தான் எழுத வேண்டும். "பேருந்தில் ஒருவர் இடம் கொடுத்தார்" என்று நிறுத்தாதே. கேட்பதற்கு முன்பே எழுந்தாரா, எழுந்தபின் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாரா? நன்றி சொல்லும் கூச்சத்தை உனக்குத் தராமல் இருக்க அவர் அப்படி நின்றிருக்கலாம். கருணை பெரும்பாலும் அந்தச் சின்ன அசைவில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் செய்தி மட்டும் மிஞ்சும்.

பார்வையைக் கூர்மையாக்க ஒரு பயிற்சி சொல்கிறேன், ஓவியம் கற்பவர்களும் செய்வதுதான். சாம்பல் நிற அட்டை ஒன்றில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை போடு. வெள்ளை அட்டை கூடாது. அதன் பிரகாசத்தில் துளைக்குள் தெரிவதெல்லாம் இருண்டு போகும். ஒரு வெள்ளைக் கோப்பையை ஜன்னலோரம் வை, விளக்கை அணைத்துவிடு. அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் துளை வழியாகக் கோப்பையின் நிழல் பக்கத்தைப் பார். அங்கே வெள்ளை இருக்காது. மேசை மரமானால் அடிப்பக்கம் பழுப்பு ஏறியிருக்கும். வெறும் கண்ணுக்கு இது தெரியாததற்குக் காரணம், "கோப்பை வெள்ளை" என்று மூளை முன்கூட்டியே முடிவுகட்டிவிடுவது. சுற்றியுள்ள பொருள்களை மறைத்துவிட்டால் அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லாமல் போகிறது. நிழலின் விளிம்பையும் கவனி: கோப்பை மேசையைத் தொடும் இடத்தில் கூர்மையாகவும் கருமையாகவும் தொடங்கி, தள்ளிப் போகப் போகக் கரைந்துவிடும். ஜன்னல் அகலமான ஒளிமூலம் என்பதால் அப்படி. பத்து நிமிடம் உட்கார். முதல் இரண்டு மூன்று நிமிடம் அலுப்பாக இருக்கும். பெரும்பாலோர் எழுந்துவிடுவது அப்போதுதான்; பார்க்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

கலையிலும் இதே கதை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எடுத்து 2001இல் வெளியான ஒரு கணக்கில், ஒரு படத்தின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் 27 வினாடி. டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' படத்தை எடுத்துக்கொள். 45.5க்கு 41 சென்டிமீட்டர்தான், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல அச்சுப்பிரதி போதும். முதலில் அபிப்பிராயம் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வாய்விட்டுச் சொல்லு. பின்சுவரில் ஓர் ஆணி, அதற்கென்று ஒரு நிழல், ஆணி பிடுங்கிய ஓட்டைகள். அவளுடைய தலைக்குப் பின்னால் குடுவைகள் தொங்கும் பலகை ஒன்றை அவர் வரையத் தொடங்கிப் பிறகு மூடிவிட்டார் என்று 2022இல் அந்த ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தின் ஆய்வு காட்டியது. குடுவைகளை எடுத்தவர் ஆணியை விட்டுவைத்திருக்கிறார்! விரலால் அந்த ஆணியை மறைத்துப் பார், சுவர் தட்டையாகிவிடும். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைவிட அந்த ஆணிமேல்தான் பிரியம் அதிகம். யாரும் கேட்காத ஒன்றுக்கு இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறாரே.

எதைப் பார்த்தாலும் உடனே கைப்பேசியை எடுக்காதே. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் பிடித்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. ஏதேனும் ஒரு பகுதியை நெருக்கிப் படம் பிடித்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எடுத்தே ஆகவேண்டுமானால் ஆணியை எடு.

துக்கமான வாரத்தில் நோட்டைத் திறக்கவே வேண்டாம். வலிந்து நல்லது தேடினால், கிடைக்காததும் ஒரு குற்றமாக மனதில் ஏறும். அந்த வாரம் கோப்பையை மட்டும் பார். அதற்கு நீ சந்தோஷமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

எழுதியதை யாரிடமாவது சொல்வதும் முக்கியம். கேட்பவர் "நல்லது" என்று முடித்துவிட்டால் விஷயம் அங்கேயே அணைந்துவிடும். "எந்தப் பக்கம், எப்போது, அப்புறம்?" என்று கேட்டால் சொல்பவனுக்கே மறந்த பகுதி நினைவுக்கு வரும். உன் நோட்டிலிருந்து ஒன்றே ஒன்றை அடுத்த கடிதத்தில் அனுப்பு. விடாமல் கேள்வி கேட்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்