நம் ஈரக்காற்றில் சோதித்த பிறகு விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரிய மின்சாரம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏக்கர் கணக்கில் பானல் விரிப்பதைப் பற்றியே அதில் பேச்சு. டெல்டாவில் நெல் விளையும் மண்ணில் அப்படி விரிக்க யாருக்கும் மனசு வராது. 5 எச்.பி. மோட்டாருக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் பானல் வேண்டும். வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும் பானல் என்றால், இடைவெளி விடாமல் வைத்தாலே கிட்டத்தட்ட இரண்டு குழி (குழிக்கு 144 சதுர அடி) போய்விடும். 30 சதவீதம் என்றால் ஒன்றேகால் குழி போதும்.

அதனால்தான் அடுக்கு சோலார் செல் நமக்கு முக்கியம் என்கிறேன். சாதாரணப் பானலில் இருப்பதுபோல் சிலிக்கான் என்ற குறைக்கடத்தி மட்டும் இருந்தால் நீல ஒளியின் கூடுதல் ஆற்றல் வெறும் சூடாகிப் போகிறது. எவ்வளவு முயன்றாலும் 29 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அது நின்றுவிடும் என்பது இயற்பியல் கணக்கு. அதன்மேல் பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு குறைக்கடத்தியை மெல்லிய படலமாகப் பூசினால் நீலத்தையும் பச்சையையும் அது பிடித்துக்கொள்ளும். சிவப்பும் அகச்சிவப்பும் கீழே இறங்கிச் சிலிக்கானுக்குச் சேரும். அரிசி மில்லில் சல்லடைகளை அடுக்கி முழு அரிசியையும் நொய்யையும் பிரிக்கிறோமே, அப்படி. 2024ல் சீனாவின் லாங்கி நிறுவனம் இந்த முறையில் 34.6 சதவீதம் எட்டியது. ஆனால் அது ஆய்வகத்தில் செய்த சின்னத் துண்டு.

இரண்டடுக்கும் தொடராக இணைந்திருந்தால், குறைவாக மின்னோட்டம் தரும் அடுக்கே மொத்தத்தையும் தீர்மானிக்கும். நடுவில் ஒரு மதகு பாதி அடைத்திருந்தால் கடைமடைக்கு வருவது அவ்வளவுதானே! காலை வெயிலிலும் மூட்டத்திலும் ஒளியின் நிறக்கலவை மாறும், அப்போது ஓர் அடுக்கு பின்தங்கும். அப்புறம், பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் சூடும் ஆகாது. நம் ஊரில் இரண்டுக்குமே குறைவில்லை. இப்போது முன்னணியில் இருக்கும் வகைகளில் ஈயமும் உண்டு. 2018ல் கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தை அடுத்த வயலில் போய்ப் பொறுக்கினோம். பானல் அப்படிப் பறந்து உடைந்தால், வயல் தண்ணீரில் ஈயம் கலக்காது என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும்.

எனவே இந்தப் பானல்களை விற்பனைக்கு விடும் முன், டெல்டாவில் உள்ள வேளாண், பொறியியல் கல்லூரிகளின் மாடிகளில் குறைந்தது மூன்று ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டும்வரை வைத்துச் சோதிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மாதாமாதம் எடுக்கும் அளவீட்டைத் தமிழில் வெளியிடவும் வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நீடாமங்கலம்.