அது ஆச்சரியக்குறி இல்லைங்க, எழுத்து

ஃபாண்ட், கீபோர்டு, பிழைதிருத்தி, ஆன்லைன் ஃபார்ம் இதெல்லாம் செய்யற மென்பொருள் குழுக்களுக்கு,

வணக்கம். கிளிக் ஒலின்னா என்ன, எந்த மொழிகள்ல இருக்கு, யூனிகோடுல, அதான் எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற அட்டவணைல, அதுக்கு என்ன ஏற்பாடுன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல, அந்த அட்டவணைய தினமும் தெறந்து வெச்சு வேலை பாக்கறவங்க நீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வரேன். நாக்கால உச்சுக் கொட்டற மாதிரி வர்ற கிளிக் ஒலிய தெற்கு ஆப்பிரிக்க மொழிகள்ல எழுதற எழுத்து இருக்கே, அந்தக் கிளிக் எழுத்த எழுத்தா நடத்துங்க. இவ்ளோதான் கோரிக்கை, மீதி எல்லாம் என் புலம்பல்.

நான் ப்ரூஃப் பாக்கறவன். போன வாரம் சின்னப் பசங்களுக்கான ஒரு மொழிப் புத்தகம் கைக்கு வந்துச்சு, அதுல தெற்கு ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஒரு அத்தியாயம். எழுதினவங்க பாவம் ஒவ்வொரு கிளிக் எழுத்தையும் தேடித் தேடி சரியா போட்டிருந்தாங்க. ஃபைல் உங்க பிழைதிருத்தி வழியா ஒரு சுத்து போயிட்டு வந்ததும் பாத்தா, ஆச்சரியக்குறி மாதிரி இருக்கற எழுத்துக்குப் பின்னாடி எல்லாம் ஒரு இடைவெளி, சில இடத்துல அந்த எழுத்தே காணோம், ரெட்டைக் கோடு பதினொண்ணா மாறிக் கெடக்கு, குறுக்குக்கோடு ரெண்டு போட்ட எழுத்து வெறும் கட்டமா நிக்குது. சரி, ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா திருப்பி வெச்சேன். அதுக்கே கோவப்படல.

கோவம் வந்தது அதுக்கப்புறம். புத்தக விவரத்த ஏத்தற ஆன்லைன் ஃபார்ம்ல ஊர்ப்பெயர்னு ஒரு கட்டம். நமிபியாவுல லூடரிட்ஸ் தொகுதிக்கு 2013-ல வெச்ச பேர அதுல போடணும். அந்தப் பேர் ஆரம்பிக்கறதே ஒரு கிளிக் எழுத்துல, நடுவுல இன்னொண்ணு. போட்டேன். சிவப்புல வருது, 'செல்லாத குறி, எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்'. ஐயா, நான் போட்டதே எழுத்துதான்! (இந்தக் கடைசில இருக்கறதுதான் ஆச்சரியக்குறி, வித்தியாசம் புரியுதா?) உதவி கேட்டு எழுதினா 'சிறப்புக் குறிகளை நீக்கிவிட்டு மீண்டும் முயற்சிக்கவும்'னு பதில். நீக்கிட்டா அது 'நமிநூஸ்'னு ஆகுது. அந்தப் பேர்ல ஒரு ஊர் எங்கயும் இல்ல.

எனக்கு இது ஒரு புத்தகம், ஒரு ராத்திரி. நமிபியாவுல குடும்பப் பேரே கிளிக் எழுத்துல ஆரம்பிக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்க ஒவ்வொரு தடவை டிக்கெட் எடுக்கும்போதும் கணக்கு தொடங்கும்போதும் தன் பேரோட மொதல் எழுத்த தானே வெட்டிக் குடுத்துட்டு உள்ள வரணுமா? அடையாள அட்டைல ஒரு மாதிரி, உங்க ஃபார்ம்ல ஒரு மாதிரின்னு ஆனா, அப்புறம் 'பெயர் பொருந்தவில்லை'ன்னு திருப்பி அனுப்பறதும் நீங்கதானே?

தமிழ் படிக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஆய்த எழுத்த உங்க கருவி 'மூணு புள்ளி, ஏதோ அலங்காரம்'னு நெனச்சு தூக்கிருச்சுன்னு வைங்க, எஃகு எகு ஆயிடும். மெய் மேல இருக்கற புள்ளிய தூசின்னு தொடச்சா கல் 'கல' ஆயிடும். ஒரே நாள்ல எத்தனை பேர் கிளம்பி வந்திருப்போம், ழ-வ ஒருத்தன் தப்பா உச்சரிச்சாலே நம்ம ஆளுங்க வீடியோ போட்டு கிழிக்கறாங்க. கிளிக் எழுத்து போனா மட்டும் 'ஏதோ சத்தம்தானே'ன்னு தோணுது.

சத்தம்தான், ஒத்துக்கறேன். நாமளும் அந்த சத்தத்த போடறோம். யாராவது கஷ்டத்த சொன்னா உச்சுக் கொட்டறோமே, நாக்கு நுனி மேல்பல்லுல ஒட்டியிருக்கும், பின்நாக்கு அண்ணத்துல ஒட்டியிருக்கும், நடுவுல மாட்டின காத்த நாக்க கீழ இறக்கி இழுத்துட்டு நுனிய விட்டா 'ச்சு'. நுரையீரல் காத்துக்கு இதுல வேலையே இல்ல, அதனாலதான் ஒரே நேரத்துல மூக்கால முனகிக்கிட்டே கிளிக் போடவும் முடியுது, அதுவே தனி மெய்யொலி. நாம அத பரிதாபத்தோட நிறுத்திட்டோம், அவங்க அத சொல்லுக்குள்ள க, ச, ட மாதிரி உக்கார வெச்சுட்டாங்க. உதடு, பல்லு, பல்லுக்குப் பின்னாடி, அண்ணம், நாக்கோட பக்கவாட்டுன்னு அஞ்சு எடத்துல கிளிக் வருது, ஒவ்வொண்ணோடயும் குரல், மூக்கொலி, மூச்சு சேர சேர எண்ணிக்கை ஏறுது. நமிபியாவோட கோய்கோய் மொழில மட்டும் 20 கிளிக். போட்ஸ்வானா பக்கம் பேசற தாஆ மொழில எப்படி எண்றோம்ங்கறத பொறுத்து மெய்யொலி நூறத் தாண்டுது. பதினெட்டு மெய்ய வெச்சிருக்கற நாம இதப் போய் 'வளராத மொழி'ன்னு எழுதறோம். அப்படி எழுதறவங்களுக்கு தனியா ஒரு மடல் எழுதணும், இப்ப வேண்டாம்.

'தென்னாப்பிரிக்காவோட ஷோசா, ஜுலு மொழிக்கெல்லாம் சாதாரண ஆங்கில எழுத்துலயே கிளிக் எழுதறாங்களே, அப்படியே எல்லாரும் எழுதிட்டா என்ன'ன்னு கேப்பீங்க. ஆமா, சி, க்யூ, எக்ஸ் மூணையும் கிளிக்குக்குன்னே ஒதுக்கிட்டாங்க, போட்ஸ்வானால நாரோ மொழிக்கும் அந்த வழிதான். அது அவங்க முடிவு. கோய்கோய்காரங்க கோட்டு எழுத்து நாலும்தான் (ஒத்தக் கோடு, ரெட்டைக் கோடு, குறுக்குக்கோடு ரெண்டு போட்டது, ஆச்சரியக்குறி மாதிரி இருக்கறது) வேணும்னு வெச்சிருக்காங்க, பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் வரைக்கும் அதுலதான் இருக்கு, உங்க கட்டத்துக்குள்ள அடங்கலன்னு ஒரு ஜனம் எழுத்த மாத்திக்கணுமா? எழுத்து ஒண்ணும் நேத்து வந்ததும் இல்ல. 19-ஆம் நூற்றாண்டுல லெப்சியஸ்ங்கற ஜெர்மன்காரர் போட்ட கோடுகள்லேர்ந்து வந்தது, எல்லா மொழி ஒலியையும் குறிக்கற சர்வதேச ஒலிப்பு நெடுங்கணக்கும் 1989-ல இதையே ஏத்துக்கிச்சு, யூனிகோடு 1990-கள் ஆரம்பத்துலயே நாலுக்கும் தனித்தனி எண் குடுத்து 'எழுத்து'ங்கற வகைலதான் வெச்சிருக்கு. அதாவது உங்க வேலைய முப்பது வருஷம் முன்னாடியே ஒருத்தங்க முடிச்சு வெச்சிட்டாங்க, நீங்க அந்த அட்டவணைய பாத்து 'எழுத்தா'ன்னு கேட்டா போதும், கண்ணால பாத்து 'ஆச்சரியக்குறி மாதிரி இருக்கே'ன்னு முடிவு பண்றதுதான் பிரச்சினை.

தென்னாப்பிரிக்காவோட அரசுச் சின்னம் 2000-ல மாறுச்சே, அதுல இருக்கற வாசகம் காம் மொழில இருக்கு. காம்னு எழுதறேனே, அந்தப் பேருக்கு முன்னாடியும் ஒரு கிளிக் உண்டு, என்ன பண்றது. வேற வேறயா இருக்கற ஜனங்க ஒண்ணு சேரணும்ங்கற அர்த்தம். நாலு சொல்லுல மூணு சொல் கிளிக்ல ஆரம்பிக்குது. அந்த மொழிய இன்னிக்குப் பேச ஆள் கிடையாது. 1870-கள்ல கேப்டவுன்ல மொழி ஆராய்ச்சி பண்ணின பிளீக்கும் லூசி லாய்டும் அந்த ஜனங்க பக்கத்துல உக்காந்து ஆயிரக்கணக்கான பக்கம் கையால எழுதி வெச்சதுதான் மிச்சம், நோட்டும் பேனாவும் வெச்சு அவங்க எழுதினத இன்னிக்கு உங்க மென்பொருள்ல ஒட்டினா கட்டம் வருது. அதே நாட்டுல உப்பிங்டன்ங்கற ஊர்ல காத்ரீனா எசாவ்னு ஒரு பாட்டி, 1933-ல பொறந்தவங்க, நூங்கற இன்னொரு கிளிக் மொழிய சரளமா பேசற கடைசி ஆளா எஞ்சினவங்க, பசங்கள கூட்டி வெச்சு அந்த மொழிய சொல்லிக்குடுத்திருக்காங்க. அந்தப் பசங்க ஃபோன்ல தட்டும்போது அந்த எழுத்த நாலு மெனு தாண்டித் தேடணும்னா எங்கேர்ந்து தட்டுவாங்க? சிரிச்ச மூஞ்சி மட்டும் நூறு தினுசு வெச்சிருக்கீங்க, அதுக்கு மட்டும் கீபோர்டுல எடம் இருந்துச்சு.

சரி, கொஞ்சம் சூடாயிட்டேன், மன்னிச்சுக்கங்க. இந்த மடல் பூரா ஒரு கிளிக் எழுத்தக்கூட நான் போடலங்கறத கவனிச்சிருப்பீங்க. போட்டிருந்தா பாதி பேருக்கு கட்டமா தெரிஞ்சிருக்கும், அந்த பயம்தான். தயவு செஞ்சு ஃபார்ம்ல யூனிகோடு எழுத்துன்னு சொல்றத எழுத்தா ஏத்துக்கங்க, பிழைதிருத்தில அத நிறுத்தக்குறியா எண்ணாதீங்க, ஃபாண்ட்ல ஒரு வடிவம் வரைஞ்சு வைங்க, கீபோர்டுல ஆச்சரியக்குறிய அழுத்திப் பிடிச்சா பக்கத்துல வர்ற மாதிரி பண்ணுங்க.

ஷோசால பல்லுல உச்சுக் கொட்டி 'எலா'ன்னா கேளு, கோரிக்கை வை. அதே 'எலா'வ நாக்க பக்கவாட்டுல சொடுக்கி சொன்னா, சொல்லு, தெரிவி. ரெண்டையும் தமிழ்ல பிரிச்சு எழுதவே வழியில்ல. இப்போதைக்கு நான் பல்லுலதான் உச்சுக் கொட்டிக்கிட்டு நிக்கறேன், பாத்து செய்யுங்க.

இப்படிக்கு,
அந்த அத்தியாயத்த ரெண்டு தடவை ப்ரூஃப் பாத்தவன்