நோட்டுகளைக் காப்பாற்றித் தந்த அண்ணனுக்கும் நம் ஊர்க்காரர்கள் அனைவருக்கும்

நம் செஸ் கிளப் மறுபடி நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பலகைகளை விரித்ததும் பழைய கூட்டம் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஐப்பசி மழை கிளப் இருந்த வீட்டை என்ன செய்தது என்பது காரைக்குடிக்கே தெரியும், அதை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

பலகை, காய், கடிகாரம் எல்லாம் போனால் வாங்கிக்கொள்ளலாம். எங்களைக் கலங்கடித்தது இரண்டு தகரப் பெட்டி நிறைய இருந்த ஆட்ட நோட்டுகள். எங்கள் அய்யாமார் காலத்திலிருந்து கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து ஆடினாலும் முதல் ஆட்டத்தை நோட்டில் எழுத வேண்டும். நாலே நகர்த்தலில் தோற்ற பள்ளிக்கூடப் பையனின் ஆட்டமும், மாநிலப் போட்டிக்குப் போய் வந்தவரின் ஆட்டமும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன், 1962-ல் ஸ்டாக்ஹோமில் ஹங்கேரியின் போர்ட்டிஷை வென்ற ஆட்டத்தை யாரோ பென்சிலில் நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு புது ஆள் ராணியைப் பறிகொடுத்த ஆட்டம்.

பெட்டிகளைத் திறந்தபோது எல்லாம் ஊறிக் கனத்திருந்தது. வாசலில் வெயில் அடிக்கிறதே என்று விரிக்கப் போனோம். எதிரே வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன் சத்தம் கொடுத்தார். "தம்பி, வெயில்ல போடாதீங்க, தாள் சுருண்டுரும். இங்கிட்டு கொண்டாங்க."

அன்றைக்கு வந்த துணிகளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். ஒட்டிக்கொண்ட தாள்களைக் கையால் இழுக்கவே இல்லை. ஈர்க்குச்சி ஒன்றை மெல்ல உள்ளே நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். "ஈரம் இருக்கும்போதே பிரிச்சுரணும், காய்ஞ்சு ஒட்டிக்கிட்டா கிழிஞ்சுதான் வரும்" என்றார். கீழே செய்தித்தாள், மேலே பழைய வேட்டித் துண்டு, நடுவில் நம் பக்கம். கரிப்பெட்டியில் தணலைக் குறைத்து, சூட்டை ஈர விரலால் தொட்டுப் பார்த்து, அழுத்தாமல் ஒரே ஓட்டம். செய்தித்தாள் ஈரத்தை வாங்கியதும் வேறு தாள். பேனா மை இளகுகிற பக்கங்களைச் சூடு காட்டாமல் எடுத்து நிழலில் கொடி கட்டிக் காயப்போட்டார். காய்ந்த தாள்கள் அப்பளம் போல மொடமொடவென்று நின்றன.

பல நாள் தன் பிழைப்புக்கு நடுவே இதைச் செய்தார். எது பெரிய ஆட்டக்காரர் எழுதியது, எது சின்னப் பிள்ளை எழுதியது என்று அவருக்குத் தெரியாது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பக்குவம். கிளப்பின் கொள்கை என்று நாங்கள் சொல்லிக்கொள்வதை அந்த வண்டியில் கண்ணால் பார்த்தேன். காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். "எழுதி வச்சது போகக் கூடாதுல்ல" என்றதோடு சரி. பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அண்ணே, நன்றி. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், நாங்கள் ஆடுவதற்குத் தன் வீட்டுப் பட்டாலையை (கூடத்தை) ஞாயிறுதோறும் திறந்துவிடும் ஆச்சிக்கும், தார்ப்பாய் கொடுத்தனுப்பிய புதுவயல் அரிசி மில்காரர்களுக்கும், டிவிஎஸ் வண்டியில் பெஞ்சு சுமந்த பையன்களுக்கும், தேவகோட்டை, பள்ளத்தூர் நண்பர்களுக்கும், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பணம் அனுப்பிய சொந்தங்களுக்கும் எங்கள் வணக்கம். முதல் நாள் வெள்ளைப் பணியாரம் அனுப்பியது யாரென்று இன்னும் தெரியவில்லை. யாராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் பிள்ளைகளை நிறைய இழுத்து வந்திருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் குகேஷ் ஆக வேண்டும் என்று வருகிறவருக்கு மட்டுமல்ல, குதிரை எப்படித் தாண்டும் என்று கேட்டு வருகிற அறுபது வயதுக்காரருக்கும் இங்கே பலகை உண்டு. வாசலை ஒட்டிய முதல் பலகை எப்போதும் புதிதாக வருகிறவருக்குத்தான். அவர் ஆடும் முதல் ஆட்டம் நோட்டில் ஏறும். நான் இருக்கும்வரை இதை விடமாட்டேன்.

நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டோம். பழைய பக்கங்கள், வெள்ளை ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதை 'பி-கே4' என்று எழுதுகிற முறையில் இருக்கின்றன. 1981-லிருந்து உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதையே 'இ4' என்று கட்டத்தின் பெயரைச் சொல்லும் முறையை மட்டுமே ஏற்பதால், இப்போதைய பிள்ளைகளுக்குப் பழையது புரிவதில்லை. அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஞாயிறு ஐந்து மணிக்கு மேல் பட்டாலைக்கு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள்.