கசினோவின் வாகனத் தரிப்பிடமும் உங்கள் பொறுப்புத்தான்

ஒன்ராறியோ லொத்தர் மற்றும் சூதாட்டக் கூட்டுத்தாபனத்துக்கும், மாகாண மதுபான, சூதாட்ட ஆணையத்தின் பதிவாளருக்கும், ஒப்பந்தத்தில் கசினோ நடத்தும் கம்பனிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஆட்கள் கோயில் திருவிழாவுக்குப் போனதை நாலு பேருக்குச் சொல்வார்கள். கசினோவுக்குப் போனதைச் சொல்லமாட்டார்கள். அங்கே கார் களவுபோனால்கூட, "பிளாசாவில் விட்டிருந்தேன்" என்று உறவுக்காரரிடம் கதையை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. இந்த வெட்கம் உங்களுக்கு நல்ல வசதி. வெட்கப்படுகிறவர் பத்திரிகைக்குப் போகமாட்டார், நகரசபை உறுப்பினரைத் தேடிப் போகமாட்டார், உங்கள் வாசலில் நின்று சத்தம் போடவும் மாட்டார். எனக்கு அந்த வெட்கம் இல்லை. நானும் போகிறவன்தான்.

சூதாட்டம் சரியா பிழையா என்று வாதாட வரவில்லை. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 207ஆம் பிரிவு மாகாண அரசு சூதாட்டம் நடத்தலாம் என்கிறது, நீங்கள் நடத்துகிறீர்கள். லொத்தரும் கசினோவும் சேர்ந்து ஆண்டுதோறும் 2 பில்லியன் டொலருக்கு மேல் மாகாணத்துக்கு இலாபம் கொடுக்கின்றன. கட்டடத்தைப் பராமரிப்பது யார், மேசைக்கு ஆள் போடுவது யார் என்பதெல்லாம் உங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம். இரவு இரண்டு மணிக்குத் தரிப்பிடத்தில் கார் நின்ற இடம் வெறுமையாய்க் கிடப்பதைப் பார்க்கிறவருக்கு அந்த ஒப்பந்தத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் வந்தது மாகாணம் நடத்தும் இடத்துக்கு.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கசினோவின் தரிப்பிடத்திலும் எத்தனை வாகனம் களவுபோனது, எத்தனை கண்ணாடி உடைந்தது, எத்தனை பேர் பறிகொடுத்தார்கள் அல்லது தாக்கப்பட்டார்கள் என்ற கணக்கை இடம்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். வெளிச்சம், கமெரா, ரோந்து மூன்றுக்கும் அளவு குறித்து, வாடிக்கையாளர் எடுத்து வாசிக்கக்கூடிய ஒரு நியமத்தைத் தரிப்பிடத்துக்கென்று எழுதுங்கள். மீதியெல்லாம் இதற்கான காரணம்.

கார் களவு எல்லா இடத்திலும்தானே நடக்கிறது, எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நடக்கிறதுதான். 2023இல் ரொறன்ரோவில் மட்டும் 12,000க்கு மேற்பட்ட வாகனங்கள் களவுபோயின. அந்த ஆண்டு நாடு முழுவதும் கார் களவுக்காகக் காப்புறுதிக் கம்பனிகள் கொடுத்த பணம் 1.5 பில்லியன் டொலர். 2024 பெப்ரவரி 8ஆம் திகதி ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாடு கூட்டினார்கள். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து பார்த்து 598 வாகனங்களை மீட்டதாக அந்த ஏப்ரலில் பொலிஸார் அறிவித்தார்கள். அதன் பிறகு களவு குறைந்தது உண்மை. 2024இல் நாடளவில் கிட்டத்தட்ட 19 விழுக்காடு இறக்கம். ஆனால் கள்ளன் விரும்பும் இடங்கள் ஒரேமாதிரி இல்லை. கசினோத் தரிப்பிடத்தைப் போல அவனுக்குத் தோதான இடம் இந்த மாகாணத்தில் குறைவு.

யோசித்துப் பாருங்கள். கடைத்தொகுதி இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு அங்கே ஒருவன் காருக்கு அருகே குனிந்து நின்றால் யாருக்காவது சந்தேகம் வரும். கசினோவில் அதிகாலை மூன்று மணிக்கும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். யார் வருகிறான், யார் காத்திருக்கிறான், யார் எதைத் தோண்டுகிறான் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பால் வாங்கக் கடைக்குப் போனவர் பத்து நிமிடத்தில் திரும்பக்கூடும். கசினோவுக்குள் போனவர் மணிக்கணக்காகத் திரும்பமாட்டார். அது கள்ளனுக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்: உறுப்பினர் அட்டையை இயந்திரத்தில் செருகிய கணத்திலிருந்து நான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு போட்டேன், எப்போது எழுந்தேன் என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. எனக்கு எப்போது சலுகைக் கடிதம் அனுப்பவேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, நான் உள்ளே இருக்கும்போதே என் கார் வெளியே போகிறது என்பது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

களவின் நுட்பமும் மாறிவிட்டது. திறப்பைத் தகர டப்பாவில் போட்டுவை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அது வீட்டுக்கான அறிவுரை. கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் திறப்பின் சமிக்ஞையை வெளியே நின்று பிடித்துப் பெருக்கி, காரை ஏமாற்றும் வேலைக்கு எதிரானது. கசினோவில் திறப்பு என் காற்சட்டைப் பையில், உள்ளே எங்கோ இருக்கிறது. கள்ளனுக்கு அது தேவைப்படுவதே இல்லை. முன்விளக்குக்குப் பின்னால் ஓடும் வயரைப் பிடித்து வாகனத்தின் உள்வலையமைப்புக்குப் பொய்க் கட்டளை அனுப்புகிறான். அல்லது கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் தன் கருவியைச் செருகும் துவாரத்தில் வேறொரு கருவியைச் செருகி, புதுத் திறப்பொன்றைப் பதிந்துகொள்கிறான். சில நிமிட வேலை. புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத கருவி, கட்டாயம் என்று கனடா 2007இல் கொண்டுவந்த விதி, திறப்பைத் திருகி வண்டியை எடுக்கும் காலத்துக்கு எழுதியது. ஹைலாண்டர், சி.ஆர்.-வி, லெக்ஸஸ் ஆர்.எக்ஸ் என்று களவுப் பட்டியலில் வரும் பெயர்களைப் பாருங்கள். எங்கள் கல்யாண மண்டபத் தரிப்பிடத்தில் வரிசையாக நிற்பவையும் அவைதான். அதை வைத்திருக்கும் குற்றத்துக்குச் சில காப்புறுதிக் கம்பனிகள் மேலதிகக் கட்டணம் வேறு வாங்குகின்றன.

இன்னொரு வழி இருக்கிறது. என்னை அதிகம் பயமுறுத்துவது அதுதான். 2021 டிசம்பரில் யோர்க் பிராந்திய பொலிஸார் ஓர் எச்சரிக்கை விட்டார்கள். பொது இடங்களிலும் தரிப்பிடங்களிலும் நிற்கும் விலைகூடிய வாகனங்களில் கள்ளர் ஏர்டாக் என்ற, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவியை ஒளித்துவைத்து, அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று கண்டறிந்து, பிறகு அந்த வீட்டு முற்றத்தில் வைத்துக் களவாடுகிறார்கள் என்பது அந்த எச்சரிக்கை. இதில் உங்களுக்கு என்ன பங்கு என்று கேட்கிறீர்களா? தரிப்பிடத்தில் குறிவைத்த கார் இரண்டு இரவு கழித்து முற்றத்தில் களவுபோனால், பொலிஸ் பதிவில் அது வீட்டுக் களவு. உங்கள் பெயர் அதில் எங்கும் வராது. ரொறன்ரோ பொலிஸார் வெளியிடும் திறந்த தரவிலும் தரிப்பிடம் என்பது ஒரே தலைப்பு. அடுக்குமாடியின் தரிப்பிடமும் கடையின் தரிப்பிடமும் அதற்குள்தான். இடத்தைக்கூட அருகிலுள்ள சந்திக்கு நகர்த்தித்தான் காட்டுவார்கள். ஆகவே கசினோத் தரிப்பிடங்களின் கணக்கு வேண்டுமென்றால் அதைத் தரக்கூடியவர்கள் நீங்கள்தான்.

சட்டத்தையும் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். நுழைவாயிலில் ஒரு பலகை தொங்கும்: வாகனத்துக்கோ அதற்குள் இருக்கும் பொருளுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல. அதைப் படித்ததும் எங்கள் ஆட்கள் தங்களுக்கு உரிமை ஒன்றும் இல்லை என்று நினைத்து அடங்கிவிடுகிறார்கள். ஒன்ராறியோவின் இடவுரிமையாளர் பொறுப்புச் சட்டம், வளாகத்துக்குள் வருகிறவர் மட்டுமல்ல, அவர் கொண்டுவரும் உடைமையும் நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை அந்த இடத்தை வைத்திருப்பவருக்கு உண்டு என்கிறது. அந்தக் கடமையை ஒருவர் மட்டுப்படுத்திக்கொள்ள முடிந்த இடத்திலும், அதை வருகிறவரின் கவனத்துக்குக் கொண்டுவர நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. விளக்குக் கம்பத்தில் பத்தடி உயரத்தில், ஆங்கிலத்தில் மட்டும், பனி படிந்த பலகை எந்த முயற்சியில் சேரும் என்பதை உங்கள் வழக்கறிஞர்கள்தான் சொல்லவேண்டும்.

என் சொந்தக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கசினோ என்று சொல்லமாட்டேன், பழி தீர்ப்பது நோக்கமல்ல. மாசி மாதக் குளிர். வெளியே வந்தார், கார் இல்லை. பாதுகாப்பு ஊழியர் முதலில் கேட்டது, "நிறுத்திய இடம் சரியாக ஞாபகம் இருக்கிறதா?" முழுத் தரிப்பிடத்தையும் நடந்தே சுற்றவைத்தார்கள். கமெராப் பதிவைக் காட்டமுடியாது, பொலிஸ் கேட்டால்தான் தருவோம் என்றார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பொலிஸ் தொலைபேசியில் ஒரு முறைப்பாட்டு இலக்கத்தைக் கொடுத்ததோடு சரி, ஒருவரும் வரவில்லை. அந்தப் பதிவு எத்தனை நாளைக்கு இருக்கும், யார் கேட்டு எடுப்பார்கள் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அதே கசினோவிலிருந்து அவருக்குத் தபாலில் இலவச விளையாட்டுக் கூப்பன் வந்தது. பஸ்ஸில் வரச் சொல்கிறார்களாக்கும் என்று சிரித்தார்.

கார் போனால் காப்புறுதி உண்டு. ஆள் விஷயம் அப்படியல்ல. காசாளர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நூறு டொலர்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் பரப்பும்போது, அந்த வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பணத்தோடு ஒரு அம்மாவோ வயதான ஐயாவோ கடைசித் தரிப்பிட வரிசைவரை தனியே நடக்கவேண்டும். 2021இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் கசினோ ஒன்றில் ஏறத்தாழ 10,000 டொலருடன் கிளம்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரை, பக்கத்து மாநிலத்தில் இருந்த அவர் வீடுவரை பின்தொடர்ந்து சென்று சுட்டுக் கொன்றார்கள். இங்கே அப்படி நடக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? 10,000 டொலரோ அதற்கு மேலோ பணம் கொடுத்தால் நிதிப் புலனாய்வு மையத்துக்கு அறிக்கை அனுப்புகிறீர்கள். அதே படிவத்தை நிரப்பும் கையோடு, "காசோலையாகத் தரட்டுமா? கார்வரை ஒருவர் கூட வரட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கலாம். கேட்டால் துணைக்கு ஆள் அனுப்பும் கசினோக்கள் உண்டு. ஆனால் அப்படிக் கேட்கலாம் என்பதே ஆங்கிலம் குறைந்த எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாது. காசாளர் முன்னால் தமிழிலும் சீனத்திலும் தகலொக்கிலும் ஒரு வரி எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்?

உங்களிடம் வேலை செய்கிறவர்களையும் மறக்கவேண்டாம். சமையலறையிலும் துப்புரவிலும் சீட்டு மேசையிலும் எங்கள் பெண்கள் பலர் இரவு வேலை செய்கிறார்கள். நல்ல இடமெல்லாம் வாடிக்கையாளருக்கு. ஊழியர் தரிப்பிடம் எப்போதும் கட்டடத்துக்குப் பின்னால், தூரத்தில். நாலு மணிக்கு வேலை முடிந்து, திறப்பை விரல்களுக்கு இடையில் பிடித்தபடி நடக்கிறேன் என்று சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். வாடிக்கையாளராவது வேண்டாமென்றால் போகாமல் இருக்கலாம்.

என்ன செய்தால் பலன் வரும் என்பது புதிராக இருந்தால் மன்னிக்கலாம். புதிரில்லை. பிரண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் என்ற இரு குற்றவியல் ஆய்வாளர்கள் கமெராக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நகர மையங்களில் கமெராவால் பெரிய மாற்றம் தெரியவில்லை. வாகனத் தரிப்பிடங்களிலோ குற்றம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அங்கெல்லாம் கமெராவோடு நல்ல வெளிச்சமும் காவலாளும் சேர்ந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். பிரித்தானியாவில் பொலிஸாரின் முன்முயற்சியில், தரிப்பிடங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பார்க் மார்க் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. இங்கே அதை முதலில் தொடங்கப் பொருத்தமானவர்கள் நீங்கள். சூதாட்டத்திலிருந்து தங்களைத் தாங்களே விலக்கிக்கொண்டவர்கள் மறுபடி நுழைந்தால் அடையாளம் காண, 2011இலிருந்து முகமறியும் தொழில்நுட்பம் வைத்திருக்கிறீர்கள். அந்தரங்க ஆணையாளரோடு கலந்து பேசி அதை அமைத்தீர்கள். உள்ளே அவ்வளவு நிதானமாகச் செய்யத் தெரிந்த உங்களுக்கு, வெளியே இரவில் வெளியேறும் வழிகளைக் குறைத்து, மிஞ்சும் வழியில் ஒரு தடுப்புக்கட்டையும் இலக்கத்தகடு படிக்கும் கமெராவும், அதை உட்கார்ந்து பார்க்க ஓர் ஆளும் வைக்க முடியாதா? பார்க்க ஆளில்லாத கமெரா, களவு நடந்த பிறகு பொலிஸுக்குக் கொடுக்க ஒரு வீடியோவைத் தருமே தவிர, களவைத் தடுக்காது.

செலவு என்பீர்கள். வாசலில் புதுத் திரைகள், பாட்டுக் கச்சேரி மண்டபங்கள், நீர்வீழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் காசு வந்தது. கணக்கை வெளியிட்டால் வியாபாரம் கெடும் என்றும் யாராவது சொல்லக்கூடும். கெடட்டும், களவு அதிகமுள்ள இடத்துக்கு. குறைவான இடத்துக்கு நாங்கள் போவோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதென்றால் "உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்" என்று தொடங்கவேண்டாம். போன ஆண்டின் கணக்கை முதல் பக்கத்தில் போடுங்கள்: கசினோவின் பெயர், களவுபோன வாகனம், திரும்பக் கிடைத்தது, தாக்கப்பட்டவர். கமெராப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் போதும். தமிழாக்கி எங்கள் பத்திரிகைகளுக்கு நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்