ஆண்டறிக்கை 2024: மாதர் சங்கமும் புளிப்புப் பாண் வேலையும்

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, போசகர் ஐயா அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, வந்திருக்கும் அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் வெள்ளத்தால் தள்ளிப்போனது. சந்தா, சேமிப்பு, சுழற்சிக் கடன் விபரங்களைப் பொருளாளர் தன் கணக்கறிக்கையில் வாசிப்பார். தையல் வகுப்பும் வீட்டுத்தோட்டமும் முன்போலவே நடந்து வருகின்றன. இந்த வருடம் எங்கள் நேரத்தையும் யோசனையையும் கூடுதலாக எடுத்தது போறணை வேலைதான், அதாவது விறகு அடுப்பில் புளிப்புப் பாண் சுடும் வேலை. அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

2022இல் எரிவாயுவுக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து நாடு முழுக்கப் பல பேக்கரிகள் பூட்டுப்பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோகூட ஊருக்குள் வரவில்லை. சங்க வளவில் சும்மா கிடந்த விறகுப் போறணையைத் திருத்தி எடுத்தது அந்தக் காலத்தில்தான். கோதுமையை நாங்கள் விளைவிக்க முடியாது. அது கப்பலில் வந்து திருகோணமலை ஆலை போன்ற இடங்களில் அரைபட்டுத்தான் எங்களிடம் வருகிறது. ஆனால் மாவைப் பொங்க வைக்கிற பொருளையாவது கடையில் வாங்காமல் நாங்களே வைத்திருக்கலாமே என்று அப்போது பேசினோம். அந்தப் பேச்சு இந்த வருடம்தான் ஒழுங்கான வேலையாக மாறியது.

கடை ஈஸ்டுக்குப் பதிலாகப் பாண் மாவைப் பொங்க வைக்கிற புளித்தமாவை உண்டாக்குவதைப் புதிய அங்கத்தவர்களுக்காக இங்கே பதிந்து வைக்கிறேன். கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் 50 கிராம் ஆட்டா மாவையும் 50 கிராம் தண்ணீரையும் குழைத்து, மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பாதியை எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் 25 கிராம் வீதம் சேர்க்க வேண்டும். இதைத்தான் ஊட்டுவது என்கிறோம். எடுத்த பாதியை வீணாக்கத் தேவையில்லை, ரொட்டிக்குக் குழைக்கலாம். இரண்டாம் நாளே போத்தல் குபுகுபுவென்று பொங்கும். அதைப் பார்த்ததும் பாண் போட வெளிக்கிட்டுவிடக் கூடாது. அந்த முதல் பொங்குதல் பெரும்பாலும் லியூகொனொஸ்டொக் முதலான பற்றீரியாக்களின் வேலை. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முன்நிற்பதும் அதே கூட்டம்தான். புளிப்பு ஏற ஏற அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. மூன்றாம், நாலாம் நாளில் போத்தல் அசைவில்லாமல் கிடக்கும், மணமும் நன்றாக இராது. ஆட்கள் மனம் விட்டுக் கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து கொட்டாதீர்கள். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4ஐ நெருங்கி இறங்கிய பிறகு, அந்தப் புளிப்பைத் தாங்கக்கூடிய ஈஸ்டும் லக்டிக் அமிலப் பற்றீரியாவும் சேர்ந்து இடம்பிடிக்கும். அப்புறம் மணம் மாறும், பழுத்த பழமும் தயிரும் கலந்தமாதிரி ஒரு வாசம் வரும். ஒருமுறை ஊட்டியபின் இரண்டு மடங்காக எழும்பி, அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே எழும்பினால் பாணுக்கு எடுக்கலாம்.

மேலே சாம்பல் நிறமாகத் தண்ணீர் தெளிந்து நின்றால் அதற்குப் பசி என்று அர்த்தம். ஊற்றிவிட்டு ஊட்டினால் சரி. இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ கோடாகத் தெரிந்தால், பூஞ்சணம் பிடித்தால், மேலால் வழித்தெடுத்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம். முழுவதையும் எறிந்து போத்தலைக் கொதிநீரில் கழுவ வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து காய்ந்த புளித்தமா அனுப்பட்டுமா என்று உறவினர்கள் கேட்டதாகச் சில அங்கத்தவர்கள் சொன்னார்கள். அவர்களின் அன்புக்கு நன்றி, ஆனால் தேவையில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் புளிப்புப் பாணில் இருந்த ஒரு பற்றீரியாவை 1971இல் ஆய்வாளர்கள் விவரித்து, அதற்கு அந்த நகரத்தின் பெயரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால் அதே இனம் ஐரோப்பியப் புளித்தமாக்களிலும் இருந்தது. வேண்டிய நுண்ணுயிர் மாவிலேயே வருகிறது. நாங்கள் கொடுக்க வேண்டியது தண்ணீரும் பொறுமையும் மட்டுமே.

இனி எங்களுக்கு அதிக வேலை வைத்த விடயம், வன்னி வெக்கை. வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் 24, 25 பாகை குளிரில் இருந்து எழுதப்பட்டவை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் குசினிக்குள் 32 பாகைக்கு மேல் நிற்கும். சம அளவு ஊட்டிய புளித்தமா நாலு மணித்தியாலத்திலேயே உச்சிக்கு ஏறி விழுந்துவிடும். விழுந்து கிடந்த மாவில் போட்ட பாண் புளிக்கும், ஆனால் எழும்பாது. ஆகவே போறணைக் குழு வெயில் காலத்துக்கு ஒரு முறையை வகுத்தது. இரவு எட்டு மணிக்கு ஒரு பங்கு புளித்தமாவுக்கு நாலு பங்கு மாவும் நாலு பங்கு மண்குடத்துத் தண்ணீரும் விட வேண்டும். போத்தலைச் சுற்றி ஈரச் சாக்கு. விடிய நாலு மணிக்கு அது தயாராக இருக்கும். அந்த நேரத்தில் மாவைக் குழைத்தால் வெயில் ஏறும் முன் பாதி வேலை முடிந்துவிடும்.

குழைக்கும் அளவு இதுதான்: மா ஒரு கிலோ, தண்ணீர் 650 கிராம், புளித்தமா 150 கிராம், உப்பு 20 கிராம். தண்ணீரை 700 வரை ஏற்றிப் பார்த்தபோது இங்கே கிடைக்கும் மா தாங்கவில்லை, அச்சில்லாமல் வைத்த பாண் பரந்து தட்டையானது. ஒரு கிலோவில் 100 கிராமை எடுத்துவிட்டுக் குரக்கன் மா சேர்த்தால் நிறமும் வாசமும் நன்றாக வருகின்றன. அதற்கு மேல் சேர்த்தால் மாவைப் பிணைத்து வைக்கிற பசையம் போதாமல் பாண் கல்லாகிவிடும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலு பக்கமும் இழுத்து மடிக்க வேண்டும். ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வந்ததும் உருட்டலாம். வெயில் காலத்தில் அதற்கு நாலு மணித்தியாலம் போதும். மார்கழி விடியலில் ஆறு, ஏழு மணித்தியாலம் செல்லும். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் போறணைப் பொறுப்பாளர் அக்கா ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறார். அவர் சொல்வதை நானும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். எழும்பாமல் வந்த பாண்களில் பெரும்பகுதி, நேரம் பார்த்துப் போறணைக்குள் தள்ளியவை.

இன்னொன்று, நிறை. இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். போறணைக்குள் நீர் வற்றுவதால் 520 கிராம் அளவில் உருட்டினால்தான் அந்த நிறை நிற்கும். விற்பனைக்குக் கொண்டுவரும் எல்லோரும் தராசில் வைத்து உருட்ட வேண்டும், கைக் கணக்கு வேண்டாம்.

ஆவணி மடு மாதா திருவிழாவுக்குப் போன அங்கத்தவர்கள் எங்கள் பாணைக் கட்டிக்கொண்டு போனார்கள். கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்கு நாலு நாள் கெடாமல் இருக்கிற பாண் பெரிய உதவி. அதிலுள்ள புளிப்பு பூஞ்சணத்தைப் பிந்தவைக்கிறது, காய்ந்து போவதும் மெதுவாக நடக்கிறது. கடைப் பாண் மாரியில் மூன்றாம் நாளே பச்சை பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கள்ளு பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் கள்ளு விட்டு அப்ப மா புளிக்க வைப்பது பழைய பழக்கம். அதே கள்ளைப் பாணுக்கு விட்டால் என்ன என்று மூத்த அம்மாமார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்பான கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. அந்தக் கள்ளுக்குள் ஈஸ்ட் ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. செய்து பார்த்தோம். ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே மா எழும்பியது, பாண் மெதுமையாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் வந்தது. ஆனாலும் விரத நாட்களில் வாங்குபவர்களும் கோவிலுக்கு நேர்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நம்பி வாங்க வேண்டும். எனவே சங்கத்தின் பெயரில் விற்கும் பாணில் கள்ளு சேர்ப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. வீட்டில் செய்பவர்களுக்குத் தடை இல்லை.

கார்த்திகை வெள்ளத்தை மறக்க முடியாது. உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்ட வாரம் அது. மின்சாரம் இல்லை, விறகு நனைந்துவிட்டது, சங்கக் கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறி அங்கிருந்த புளித்தமாப் போத்தல்கள் எல்லாம் போய்விட்டன. உயர்ந்த இடத்தில் இருந்த அங்கத்தவர்களின் வீடுகளில் போத்தல் இருந்தபடியால்தான் வேலையை மறுபடி தொடங்க முடிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். அது அவசியமான வேலை. ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே விட்டால் புளித்தமா சோர்ந்துபோகிறது. கொதிக்கவைத்து ஆறவிட்டு எடுத்தால் பிரச்சினை இல்லை.

இந்த வருடம் குழுவுக்குள் பலமாக விவாதிக்கப்பட்டது ஈஸ்ட் விடயம். நகரத்தில் உள்ள ஒரு உணவகம் நாள்தோறும் பாண் கேட்டது. கொஞ்சம் கடை ஈஸ்ட் கலந்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கலாமே, பெயர் புளிப்புப் பாண் என்றே இருக்கட்டும் என்றார்கள். எங்களுக்குள்ளும் சிலர் அதை ஆதரித்தார்கள், வருமானம் தேவைப்படும் குடும்பங்களின் நிலை எனக்கும் தெரியும். பிரான்ஸ் நாட்டில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, புளித்தமாப் பாண் என்று விற்பதற்கு பி.எச். 4.3க்கு மேற்படக் கூடாது என்கிறது, ஆனாலும் மாவின் நிறையில் 0.2 வீதம் வரை ஈஸ்ட் சேர்க்க விடுகிறது. அதைக் காட்டி, அவர்களே விடும்போது நாங்கள் ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்டார்கள். என் நிலைப்பாடு வேறு. அங்கே அளந்து பார்க்க ஆய்வுகூடம் இருக்கிறது, இங்கே வாங்குபவருக்கு எங்கள் சொல்லைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. நீண்ட நேரம் புளிக்கும்போதுதான் சத்துகளைப் பிடித்துவைக்கிற, மாவிலுள்ள பைற்றிக் அமிலம் உடைந்து இரும்பும் துத்தநாகமும் உடம்பில் சேர வழி கிடைக்கிறது. இரண்டு மணித்தியாலத்தில் அந்த அளவுக்கு நடக்காது. முடிவில், ஈஸ்ட் கலந்த பாணைச் சாதாரணப் பாண் என்று விற்கலாம், புளிப்புப் பாண் என்று விற்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. உணவகத்தின் கட்டளையை ஏற்கவில்லை.

பிரான்ஸ் என்றதும் ஒரு மகிழ்ச்சியான செய்தி. 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத் என்ற நீளமான பாணுக்கான பரிசை இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா வென்று, ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் பாண் கொடுக்கும் வாய்ப்பைப் பெற்றார். இளைஞர் வகுப்பில் இதைச் சொன்ன நாளில் பெடியன்களும் மா குழைக்க முன்வந்தார்கள். வகுப்பு பெண்களுக்கு மட்டும் என்று இல்லாமல் திறந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சீனி வருத்தத்துக்கு எங்கள் பாண் மருந்து என்று சந்தையில் சிலர் சொல்லி விற்பதாக அறிந்தோம். சாதாரண வெள்ளைப் பாணை விட இது இரத்தத்தில் சீனியை மெதுவாக ஏற்றலாம், ஆனால் இதுவும் மாச்சத்துத்தான். பசையம் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர்கள் இதையும் சாப்பிடக்கூடாது. மருந்தென்று சொல்லி யாரும் விற்க வேண்டாம்.

வரும் ஆண்டுக்கு மூன்று பிரேரணைகளை முன்வைக்கிறேன். வெள்ளத்தில் பட்ட பாடு திரும்ப வராதிருக்க, புளித்தமாவைத் தாளில் மெல்லியதாகப் பூசி நிழலில் காயவைத்து, நொறுக்கிக் காற்றுப் புகாத பைகளில் வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் மாவும் விட்டு இரண்டு மூன்று நாள் ஊட்டினால் அது திரும்ப எழும்பும். அடுத்தது, புரட்டாசி முடிவதற்குள் போறணைக்கும் விறகுக்கும் தகரக் கூரை போட வேண்டும், இதற்கான செலவு மதிப்பீட்டைப் பொருளாளர் தருவார். மூன்றாவது, சங்கத்துக்கு ஒரு நல்ல இலத்திரனியல் தராசு.

புளித்தமா வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் போறணைப் பொறுப்பாளர் அக்காவிடம் போத்தலோடு போகலாம். ஒத்துழைத்த நிர்வாகக் குழுவினருக்கும், வெள்ள நேரத்தில் போத்தலைக் காப்பாற்றித் தந்த அங்கத்தவர்களுக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்