கிளைவாய்க்கால் பாசனதாரர் சங்கம், மத்திய ஓரிகன்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பாசனதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தூர்வாரல் தண்ணீர் திறக்கும் முன்பே முடிந்தது. தரை அணில் வளைகள் கரை உடைப்பாக மாறும் முன் அடைக்கப்பட்டன. இந்த அறிக்கை பெரும்பாலும் கசிவையும், அதைத் தடுக்க வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதிப்பதையும் பற்றியது.

ஆண்டுக்கு 10 அங்குலம் அளவே மழையும் பனியும் காணும் மேட்டுப்பாலை இது. சேஜ் புதரும் ஜூனிப்பரும் நின்ற எரிமலைப் பாறையில், வறண்ட நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவர வழிசெய்த 1894-ஆம் ஆண்டின் கேரி சட்டத்தை ஒட்டி டெஷூட்ஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் வந்தன. வெடிவைத்துத் தோண்டியதில் பாறையின் விரிசல்கள் இன்னும் வாய் திறந்தன. திறந்த வாய்க்காலில் பாதித் தண்ணீர்வரை வயலைச் சேராமல் போகிறது. அந்தக் கசிவில்தான் கரையோர வில்லோ மரங்களும் குட்டைகளும் வளர்ந்தன. குழாய் பதித்தால் அவை பட்டுப்போகும் என்று உறுப்பினர்கள் சொல்வது உண்மை.

ஆனால் கடைமடையையும் பார்க்க வேண்டும். இங்கே பழைய நீர் உரிமைக்கே தண்ணீர் முதலில். இந்தப் பகுதியின் நீர் உரிமை 1900, 1907-ஆம் ஆண்டுகளுக்குரியது. கீழே, ஓரிகனிலேயே உள்ள மெட்ராஸ் ஊர்ப் பக்கம் கேரட் விதை போடுவோரின் உரிமை 1913-க்குரியது. வறட்சியில் முதலில் அடைபடுவது அவர்கள் மதகு. அவர்களுக்காக 1949-இல் முடிந்த விக்கியப் அணை 2,00,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) கொள்ளும். அதை நிரப்பக் குளிர்காலத்தில் ஆற்றின் ஓட்டத்தை வெகுவாகக் குறைத்து, கோடையில் திறந்துவிடுகிறோம். ஓரிகன் புள்ளித் தவளை 2014-இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்ததற்கு ஆற்றின் இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம்.

கசிவை இப்படி அளக்க வேண்டும்: 1,000 அடி நீளத்தை இருமுனையும் மண்ணால் அடைத்து, வழக்கமான மட்டத்துக்கு நிரப்பி, அளவுகோல் நட்டு 24 மணி நேரம் விடுங்கள். நீர்ப்பரப்பு 6 அடி அகலமிருந்து 1 அடி இறங்கினால் 6,000 கனஅடி, ஏறத்தாழ 1,70,000 லிட்டர், போய்விட்டது. ஆவியாவது அரை அங்குலத்தைத் தாண்டாது, மீதியெல்லாம் பாறைக்குள். அளவுத் தடுப்பை (மேலே வழியும் நீரின் உயரத்தைக் கொண்டு ஓட்டத்தை அளக்கும் குறுக்குத் தடுப்பு) மட்டும் நம்ப வேண்டாம். அதன் கீழ்ப்புறம் பாசி அடைத்து நீர் பின்னேறினால், உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். தடுப்பை ஒட்டியும் அளவெடுக்காதீர்கள்: அங்கே நீர் சரிவதால் குறைத்துக் காட்டும். வழியும் நீரின் உயரத்தைப் போல் 4 மடங்கு தள்ளி மேலே அளந்தால்தான் சரி.

குழாயில் 100 அடி இறக்கம் 43 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 43 பவுண்டு) அழுத்தம் தரும். தெளிப்பானுக்குப் பம்பு வேண்டாம். ஆனால் மேடுகளில் காற்று வால்வு இல்லாவிட்டால், அக்டோபரில் நீரை வடிக்கும்போது உள்ளே வெற்றிடமாகிக் குழாய் அப்பளமாய் அமுங்கிவிடும். நிரப்பும்போதும் ஷட்டரைச் சிறுகச் சிறுகத் தூக்க வேண்டும். சிக்கும் காற்று குழாயையே உதைக்கும்.

வரும் பருவத்தில் கசிவு அளந்து, அதிகம் இறங்கும் பகுதியில் முதலில் குழாய் பதிக்கவும், மிஞ்சும் நீரை ஆற்றுக்கும் கடைமடைக்கும் விடவும் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்