சீரியல் போர்ட்டுக்கு ஒரு வரி பத்தாதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மாட்டுத்தாவணி பக்கம் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் பண்றவன், 18 வருஷமா இதுதான் தொழில். போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன கம்ப்யூட்டர் போர்டு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ்ல இதெல்லாம் போடணும்னு உங்களுக்குத் தோணுனதுக்கே நன்றி சொல்லணும். ஆனா சீரியல் போர்ட் (0, 1ன்னு ஒவ்வொண்ணா ஒரே ஒயர்ல அனுப்புற சாக்கெட்) வழியா எந்த மெஷினையும் ஈசியா சேத்துக்கலாம்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அதே வேலைய முன்னாடி செஞ்சு பாத்தப்ப எங்களுக்கு ஒரு போர்டும் மூணு வாரமும் போச்சு, அதான் எழுதுறேன்.

பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்க ஒரு அண்ணன் எடை நேரா பில்லுக்கு வரணும்னு கேட்டாரு. விடியக்காலம் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லி மூட்டை வந்து இறங்கும், தராசுல வச்சு நோட்டுல எழுதி, அத பாத்து இன்னொருத்தர் பில் போடுவாரு, அவசரத்துல 7ன்னு எழுதுனத 1ன்னு படிச்சிட்டா அன்னைக்கு பெரிய சண்டைதான். முகூர்த்த நாள்ல கிலோ ஆயிரத்தையும் தாண்டுற பூ, விவசாயி கோவப்படாம என்ன செய்வாரு. தராசோட முத்திரைய நாங்க தொடக்கூடாது, ஆனா பின்னாடி 9 பின் சாக்கெட் இருக்கு, எடைய எழுத்தா அதுவே அனுப்பும், அத பை போர்டுல வாங்கிட்டா போதும்.

என் அக்கா மக ஈசிஇ மூணாவது வருஷம் படிக்குது, அதைத்தான் கூப்பிட்டேன். ஸ்டார்ட் பிட் ஒண்ணு, டேட்டா எட்டு, ஸ்டாப் ஒண்ணு, ஆக ஒரு எழுத்துக்கு 10 பிட் (பிட்னா ஒரு 0 இல்ல 1), 9600 பாட்னா, அதாவது செகண்டுக்கு 9600 பிட் வேகம்னா, செகண்டுக்கு 960 எழுத்துன்னு கடகடன்னு சொல்லுச்சு. ஆனா லேப்ல ஒரு நாளும் ஒயர தொட்டதில்லையாம், எல்லாம் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்லயே முடிச்சிட்டாங்களாம். பிள்ளை மேல தப்பே இல்ல.

போர்டுல 8வது பின் டிஎக்ஸ் (அனுப்புறது), 10வது பின் ஆர்எக்ஸ் (வாங்குறது), 6வது கிரவுண்ட். இங்கிட்டு அனுப்புறது அங்கிட்டு வாங்குறதுல போய் சேரணும், கிரவுண்டும் கிரவுண்டும் சேரணும், அதெல்லாம் சரியாத்தான் மாட்டுனோம். ஆனா தராசுல இருந்து வர்றது ஆர்எஸ்232ங்கிற பழைய சீரியல் முறை, அதுல 1ங்கிறது மைனஸ் 3ல இருந்து மைனஸ் 15 வோல்ட், 0ங்கிறது பிளஸ் 3ல இருந்து பிளஸ் 15. பை போர்டு பின் தாங்குறது 3.3 வோல்ட்தான், அதுக்கு 5 வோல்ட்டே ஜாஸ்தி. நேரா சொருகுனோம், போர்டு போயிருச்சு. அப்புறமா மீட்டர் வச்சு பாத்தா தராசு சும்மா இருக்கும்போதே அந்த ஒயர்ல மைனஸ் 9 காட்டுது. நடுவுல மேக்ஸ்3232ன்னு வோல்ட்ட மாத்திக் குடுக்குற சிப்ப மாட்டி, அதுக்கு கரண்ட் போர்டோட 3.3 வோல்ட் பின்லயே குடுக்கணும்னு ஒரு வரி எங்கயாவது தமிழ்ல இருந்திருந்தா அந்தப் பிள்ளை ரெண்டு நாள் அழுதிருக்காது. மேக்ஸ்232ன்னு பழசு ஒண்ணு கடையில குடுப்பாங்க, அது 5 வோல்ட்ல ஓடுறது, வெளிய விடுறதும் 5 வோல்ட், அத வாங்கிறக்கூடாது.

வேற போர்டு வாங்கி டவுன்ஹால் ரோட்ல மேக்ஸ்3232 மாடியூல் வாங்கி மாட்டுனா அடுத்த தொல்லை. பை போர்டு அந்த பின்னை லாகின் பண்றதுக்குன்னு தானே வச்சிருந்துச்சு, நாங்க எடைய எதிர்பாத்தா அது தராசுக்கிட்ட யூசர் நேம் கேக்குது. ராஸ்பி கான்ஃபிக்ங்கிற செட்டிங் ப்ரோகிராம்ல சீரியல் போர்ட்டுக்குப் போனா ரெண்டு கேள்வி வரும், லாகின் ஷெல்லுக்கு நோ, ஹார்டுவேருக்கு எஸ், அப்புறம் ரீபூட். நம்ம யூசர் டயல்அவுட் குரூப்ல (சீரியல் போர்ட்ட தொட அனுமதி உள்ள குரூப்) இல்லேன்னா பெர்மிஷன் டினைடுன்னு வரும், அது சின்ன விஷயம்.

இதுக்கப்புறம் வந்ததுதான் உண்மையிலயே கஷ்டம். எழுத்து வருது, ஆனா 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்கா வருது, 1, 2, 4, 7, 8 எல்லாம் கிறுக்கலா வருது. தராசு கெட்டுப்போச்சுன்னு கடைக்காரரே சொல்லிட்டாரு. ராத்திரி பூரா உக்காந்து ஒவ்வொரு எண்ணையும் பிட்டு பிட்டா எழுதிப் பாத்து அக்கா மகதான் கண்டுபிடிச்சுச்சு, எந்த எண்ணுல ஒத்தப்படையா 1 வருதோ அதுதான் கெடுதுன்னு. அப்பதான் தராசு மேனுவல பாத்தோம், 2400 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, அதாவது 1ங்களோட எண்ணிக்கைய ரெட்டைப்படையா ஆக்க ஒரு பிட்ட கூட சேத்து அனுப்புறது. நாங்க பாட் ரேட்ட மட்டும் 2400க்கு மாத்திட்டு மத்தத 8 பிட், நோ பாரிட்டின்னு விட்டிருந்தோம், பாரிட்டி பிட்டையும் சேத்து எழுத்தா படிச்சிருக்கு. சரின்னு மாத்துனா அப்பவும் சரியாகல. நாங்க வச்சிருந்தது பை 3, அதுல நல்ல யூஆர்ட் (சீரியல்ல அனுப்பி வாங்குற சர்க்யூட்) ப்ளூடூத்துக்குப் போயிருது, வெளிய பின்ல இருக்கிறது மினி யூஆர்ட், அதுக்கு பாரிட்டியே கிடையாது. கான்ஃபிக் ஃபைல்ல ப்ளூடூத்த நிறுத்துற வரிய போட்டு, நல்ல யூஆர்ட்ட பின்னுக்குக் கொண்டாந்ததும் அத்தனை எண்ணும் சுத்தமா வந்துச்சு. அந்த நேரம் அது முகத்த நீங்க பாத்திருக்கணும் ஐயா.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். தராசு வரி வரியா எடைய அனுப்பிக்கிட்டே இருக்கும், நாம பாதியில படிக்க ஆரம்பிச்சா 12.450 வரவேண்டியது 2.450ன்னு வரும். கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒழுங்கான எண்தான், பேசாம வாங்கிக்கும், விவசாயிக்கு 10 கிலோ பூ போச்சு. அதனால மொத வர்ற வரிய தூக்கிப் போட்டுட்டு, வரி முடியிற குறி வந்தப்புறம் நீளம் சரியா இருக்கான்னு பாத்துத்தான் எடுக்கணும். எடை நிலையா நின்னுச்சுன்னு தராசு அனுப்புற அடையாளத்தையும் பாக்கணும். இத பரீட்சையில யாரும் கேக்கமாட்டாங்க, ஆனா இது தெரியாம ஒருத்தன் பில் மெஷின் செஞ்சு வித்தா யாரு பதில் சொல்றது?

நம்ம பக்கம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட காசு குடுத்து ரெடியா வாங்குற பிள்ளைங்க எத்தனையோ. சோம்பேறிங்கன்னு நான் சொல்லமாட்டேன், ஒயர்ல கை வச்சு தப்பு பண்ணி கத்துக்க இடமும் இல்ல, தமிழ்ல படிக்க ஒண்ணும் இல்ல. அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான், மாணவர் பக்கத்துல வாரம் அரைப் பக்கம் குடுங்க, எந்த பின், எத்தனை வோல்ட், எந்த செட்டிங், எப்படி கெடும், கெட்டா மீட்டர எங்க வச்சு பாக்கணும்னு போடுங்க. பாலிடெக்னிக் வாத்தியார்களும் என்ன மாதிரி ரிப்பேர் கடைக்காரங்களும் எழுதிக் குடுப்போம், காசு ஒண்ணும் வேணாம். மொத வாரத்துக்கு தராசு கனெக்‌ஷன் படத்த அக்கா மக கையாலயே வரைஞ்சு வச்சிருக்கு, இந்த லெட்டரோட வச்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
தராசு சர்வீஸ்காரர்,
மாட்டுத்தாவணி, மதுரை